பத்துக் கை ராக்கெட்

ராக்கெட்டுகள் ஏன் கீழே விழுகின்றன என்பதற்கு விஞ்ஞானிகள் நிறையக் காரணம் சொல்வார்கள். நம்பாதீர்கள். என் அனுபவத்தில் காரணம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கட்டியவள் யாரிடமோ பல்லைக் காட்டிக்கொண்டு 'சரி' என்று தலையாட்டியிருக்கிறாள். நான் இரண்டு பேரிடம் ஆட்டினேன். அதன் பலனை எங்கள் பேட்டையான லேக் கார்டன்ஸ் பூராவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தது.

அப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. அதில் கொலை கிடையாது, கொள்ளை கிடையாது, ஜெயிப்பது தோற்பதுகூடக் கிடையாது. பெரிய கொட்டகை ஒன்றில் டேங்க், எஞ்சின், இறக்கை, குழாய் எல்லாம் கிடக்கும். எடுத்து ஒட்டவைத்து விண்கலம் கட்டிப் பறக்கவிட வேண்டியதுதான். பறந்தால் பறக்கும், வெடித்தால் வெடிக்கும், ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆபீஸில் நாள் முழுக்க அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, சொந்தத் தப்பை நானே வெடிக்கவைத்துப் பார்ப்பதில் பரம சுகம்.

அந்த விளையாட்டின் சூட்சுமம் எரிபொருளுக்கும் உந்துவிசைக்கும் நடக்கும் இழுபறிதான். தூரம் போக எரிபொருள் வேண்டும். எரிபொருள் ஏற்றினால் கலம் கனக்கும். கனத்தால் தரையைவிட்டு எழும்பாது, இன்னும் எஞ்சின் மாட்ட வேண்டும். எஞ்சின் கூடினால் அது குடிக்கும் எரிபொருளும் கூடும், மறுபடி டேங்க். (நாங்கள் திருநெல்வேலிக்கு ரயிலேறுவதும் இப்படித்தான். அம்மா கட்டும் சாப்பாட்டைத் தூக்க ஒரு ஆள், அந்த ஆளுக்குச் சாப்பாடு, அதைத் தூக்க இன்னொரு பை.) எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவள்தான் நிலாவுக்குப் போவாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பைத்தியம் போதாதென்று இன்னொன்றும் இருந்தது. அதன் பெயர் அனிர்பன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. என் அப்பா கிடர்பூர் துறைமுக வேலைக்காகக் கல்கத்தா வந்து இங்கேயே நிலைத்தவர். நான் பிறந்ததே இங்கேதான், கோபம் வந்தால் என் வாயில் வங்காளம்தான் வரும். எங்கள் விஷயம் வீட்டில் உடைந்தபோது அம்மா ஒரு வாரம் அடுப்படிப் பாத்திரங்களோடு மட்டும் பேசினாள். பிறகு, "இவ பேசுத தமிழுக்கு நம்மூர்ல எவன் இவளைக் கெட்டுவான்?" என்று தானாகவே சமாதானமாகிவிட்டாள். அனிர்பனின் அப்பாவோ, எதைக் கேட்டாலும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்க்கும் சாது. ஆக, எங்கள் கல்யாணம் ஒரே ஒரு ஆள் கையில் வந்து நின்றது. அவன் அம்மா.

காகிமா என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். இங்கே நண்பர்களின் அம்மாவைச் சித்தி முறை வைத்து அப்படித்தான் அழைப்போம். எங்கள் தெருக்களின் துர்கா பூஜையைப் பெண்களே நடத்துகிறார்கள், அதன் செயலாளர் காகிமா. அவர் எங்கள் கல்யாணத்துக்கு மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "தேகி" என்றார். 'பார்க்கலாம்' என்று அர்த்தம். ஒரு வங்காளி அம்மா சொல்லும் 'தேகி'க்குள் ஒரு ஆயுளே கழிந்துவிடும். அனிர்பன் நச்சரித்த பிறகு, "பூஜை முடியட்டும், சொல்றேன்" என்றார். (கல்கத்தாவில் பல் பிடுங்குவதிலிருந்து வீட்டுக்கு வெள்ளையடிப்பது வரை எல்லாம் பூஜைக்கு அப்புறம்தான்.) ஆகவே அந்த வருஷத்துப் பூஜை எனக்குப் பரீட்சையாகிப்போனது.

அந்த வருஷம் பந்தலின் கருப்பொருள் 'நிலாவில் அம்மன்'. தெர்மோகோலில் பள்ளம் பள்ளமாக நிலா, அதன் நடுவே பத்துக் கைகளோடு துர்கை, பக்கத்தில் ஒரு ராட்சத எல்.ஈ.டி. திரை. திரையில் என்ன போடுவது என்று காகிமாவின் வீட்டுக் கூடத்தில் பேச்சு நடந்தபோது நானும் இருந்தேன். அனிர்பன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"கோமதி ராக்கெட் விடுவா மா. கம்ப்யூட்டர்ல. நிலா வரைக்கும்."

காகிமா முதல்முறையாக என்னை முழுசாகப் பார்த்தார். (அவர் பேசியதெல்லாம் வங்காளத்தில். நான் தமிழில் தருகிறேன். அதட்டல் கொஞ்சம் குறைந்திருக்கும்.) "அப்படியா? பூஜை தொடங்குற ஷஷ்டி சாயங்காலம் திறப்பு விழா. விளக்கேத்தின உடனே, எல்லாரும் பாக்கப் பாக்க, உன் ராக்கெட் நம்ம அம்மனை ஏத்திக்கிட்டு நிலாவுக்குக் கிளம்பணும். முடியுமா உன்னால?"

"சரி காகிமா," என்றேன். பூம்பூம் மாடு என்னிடம் பாடம் கேட்க வேண்டும்.

நியாயமாகச் சொல்கிறேன், நான் முதலில் கட்டிய கலம் ஒரு ரத்தினம். ஒல்லியாக, ஒரே எஞ்சின், அளவான டேங்க். மூக்கில் பூஜைக் குழுவின் சின்னமான அம்மன் முகத்தை ஒட்டினேன். விட்டுப் பார்த்தேன். அழகாக எழும்பியது, நிலாவைச் சுற்றியது, பூ உதிர்வதுபோல இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு குத்து டான்ஸ் ஆடினேன். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா காப்பியோடு உள்ளே வந்தாள்.

"ஏட்டி, அந்த மூலையில செவப்பா மினுங்குதே, அது என்னது?"

"எரிபொருள் மா. இவ்வளவுதான் மிச்சம்னு காட்டுது."

"இம்புட்டூண்டா? அப்போ திரும்பி எப்படி வரும்?"

"திரும்பி வர வேண்டாம்மா. போனாப் போதும். கேம்தானே."

அம்மா காப்பி டம்ளரை ணங்கென்று வைத்தாள். "என்ன பேச்சுட்டி பேசுத? வீட்டைவிட்டு எறங்குதவங்க 'போயிட்டு வாரேன்'னுதான் சொல்லணும். 'போறேன்'னு மொட்டையாச் சொன்னாலே அபசகுனம். நீ என்னன்னா சாமியை ஏத்தி, திரும்பி வர எண்ணெயில்லாம அனுப்புத. ஊருல நாலு பேரு என்ன சொல்லுவாவ? ஒரு டேங்க் கூட வை."

கல்யாண விஷயத்தில் இறங்கிவந்த அம்மா. அவளிடம் எப்படி மாட்டேன் என்பது? "சரிம்மா," என்றேன். ஒரு டேங்க் வைத்தேன். மறுநாள், "எதுக்கும் இருக்கட்டும், இன்னொண்ணு வை. வழியில நின்னுட்டா யார்கிட்டப் போய்க் கேப்பா?" என்றாள். அதுவும் சரி. அப்புறம் பக்கத்துக்கு ஒன்றாகச் சமமாக இருக்கட்டும் என்றாள். ஷஷ்டி வருவதற்குள் என் ஒல்லிக் கலம் இடுப்பைச் சுற்றி டேங்குகளோடு, பொங்கலுக்குப் பானைக் கடை விரித்த மாதிரி நின்றது. கிளப்பிப் பார்த்தேன். அடியில் புகை வந்தது, கலம் அசையவில்லை. 'எஞ்சின் கூட்டினால் சரியாகிவிடும்' என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

ஏனென்றால் ஷஷ்டியன்று மத்தியானம், எஞ்சின் கூட்டும் யோசனையோடு காகிமாவே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை, எனக்காம். அதை வாங்கியபோதே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி எனக்குத் தலை கிறுகிறுத்தது. அவர் ராக்கெட்டைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இதுல அம்மன் எங்கே? ஏதோ கேஸ் சிலிண்டர் கட்டி வெச்ச மாதிரி இருக்கு. நம்ம அம்மனுக்குப் பத்துக் கை. ராக்கெட்டுக்கும் பத்துக் கை வேணும். பக்கத்துக்கு அஞ்சு. ஒவ்வொரு கையிலேயும் நெருப்பு. புரியுதா?"

பத்துக் கை. ஒவ்வொரு கையிலும் ஒரு எஞ்சின். சர்க்கஸில்கூடப் பார்க்க முடியாத காட்சி. அந்த வினாடியில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது, "ரொம்ப நல்ல ஐடியா காகிமா!"

அவசர அவசரமாகப் பத்துக் கை நீட்டி, பத்து எஞ்சின் மாட்டினேன். அனிர்பன் போனில் கெஞ்சினான். "ஒரு தடவை விட்டுப் பார்த்துடேன், கோமு."

"நான் இன்ஜினியரா, நீ இன்ஜினியரா?"

"நானும்தான்."

"அப்போ வாயை மூடு. எனக்குப் புடவை கட்டணும்."

சோதித்துப் பார்க்க இருந்த அந்தப் பொழுதைப் புடவை தின்றது. வங்காளக் கட்டு எனக்கு வராது, அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு பேரும் வீடியோ பார்த்துப் பார்த்துச் சுற்றினோம். கடைசியில் அறைக்குள் நுழைந்த அப்பா, "பார்சலா?" என்று கேட்டுவிட்டு அடி வாங்காமல் தப்பித்தார்.

சாயங்காலம் பந்தலில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அவ்வளவு கூட்டம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான் சிறப்பு விருந்தினர். அவர் விளக்கேற்றினார். டாக் மேளம் முழங்கியது, சங்கு ஊதினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். திரையில் என் பத்துக் கை ராக்கெட், மூக்கில் அம்மன் முகத்தோடு. கூட்டமே வாயைப் பிளந்தது. காகிமா பக்கத்திலிருந்த பெண்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். முதல் வரிசையில் அம்மா, மடியில் பிரசாதத்துக்கென்று கொண்டுவந்திருந்த காலி டப்பாவோடு. அப்பா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார். மேடை ஓரத்தில் லேப்டாப்போடு நான், என்னை நானே மருமகளாக நியமித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணியது. காகிமா கண்ணை மூடி, யாராவது பயணம் கிளம்பினால் சொல்லும் "துக்கா, துக்கா" என்ற வார்த்தையைச் சொன்னார். பொத்தானை அழுத்தினேன்.

ஆகா! பத்துக் கையிலும் நெருப்பு! ராக்கெட் எழும்பியது. எழும்பியேவிட்டது! மேளக்காரர்கள் வெறிபிடித்து அடித்தார்கள். நான் துள்ளினேன். புடவை அவிழாமல் இருந்ததே அம்மன் அருள்.

அப்போது திரையின் மூலையில் சிவப்பு மினுங்கியது. அதைப் பார்த்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விளையாட்டில் பக்கவாட்டில் டேங்கை ஒட்டினால் மட்டும் போதாது, அதிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் இழுக்க வேண்டும். அம்மாவின் டேங்குகளை வைத்தேன், காகிமாவின் எஞ்சின்களை வைத்தேன். இரண்டுக்கும் நடுவே குழாயை வைக்க மறந்துவிட்டேன். நடு டேங்கிலேயே மாட்டியிருந்த பத்து எஞ்சினும் சேர்ந்து அந்த ஒரே ஒரு டேங்கை ஒரு மிடறில் குடித்து முடித்துவிட்டன. சுற்றிலும் அம்மா ஏற்றிய எரிபொருள் தளும்பத் தளும்ப, ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே இருந்தது. வீடு நிறையச் சோறு வடித்து வைத்துவிட்டுப் பசியில் மயங்கி விழுந்தவள் கதைதான்.

எஞ்சின்கள் பொசுக்கென்று அணைந்தன. பத்துக் கையையும் விரித்தபடி ராக்கெட் ஒரு கணம் வானத்தில் நின்று யோசித்தது. பிறகு தலைகுப்புறத் திரும்பியது.

டேங்குகள் காலியாக இருந்திருந்தால் சின்னதாக ஒரு 'டப்' கேட்டிருக்கும். முழுசாக நிரம்பியவை அல்லவா! திரை முழுக்க நெருப்புப் பூத்தது. பந்தலே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. மேளம் நின்றது. குலவை பாதியில் தொண்டையில் மாட்டியது. இது போதாதென்று, திரையை இயக்கியவர் கிரிக்கெட் மேட்ச் போட்டுப் பழகியவர். விக்கெட் விழுந்தால் என்ன செய்வாரோ அதையே பழக்கதோஷத்தில் செய்தார். அம்மன் முகம் தரையில் மோதிச் சிதறுவதை மெதுவாக, மறுபடி மெதுவாக, பிறகு கிட்டே இழுத்து இன்னும் மெதுவாகக் காட்டினார்.

ஷஷ்டியன்று, திறப்பு விழாவில், ஊர் பார்க்க, அம்மனை வெடிக்க வைத்திருக்கிறேன். 'தேகி' முடிந்தது என்று நினைத்தேன். தெர்மோகோல் நிலாவில் ஒரு பள்ளமாகப் பார்த்து உள்ளே இறங்கிப் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. அழுகை முட்டியது. கூட்டத்தில் யாரோ, "சீ சீ, அபசகுனம்" என்றார்கள்.

காகிமா மேடையேறினார். தலைமையாசிரியர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"என்ன எல்லாரும் முழிக்கிறீங்க? இன்னிக்கு என்ன நாள்? ஷஷ்டி. வருஷத்துக்கு ஒரு தடவை நம்ம பொண்ணு துர்கா புள்ளைகுட்டியோட பொறந்த வீட்டுக்கு வந்திருக்கா. வந்த அன்னிக்கே அவளை எவனாவது நிலாவுக்கு அனுப்புவானா? தசமியன்னிக்குத்தானே புருஷன் வீட்டுக்குக் கிளம்புவா, அதுக்கு முன்னாடி அவ எங்கே போவா? மாட்டேன்னு இறங்கிட்டா! பத்து எஞ்சின் வெச்சுத் தள்ளினாலும் போகமாட்டேன்னு நம்ம தெருவுக்கே திரும்பி வந்துட்டா! போடுங்க குலவை!"

அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம்! குலவை, சங்கு, மேளம், விசில். கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இன்னொரு தடவை போடுங்க!" என்று கூட்டம் கத்தியது. திரைக்காரருக்குச் சொல்லவா வேண்டும். ஒவ்வொரு தடவை ராக்கெட் விழும்போதும் "ஜெய்!" என்று கோஷம் எழுந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் பிடித்தது.

ஆனால் மேடையைவிட்டு இறங்கிய காகிமாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. நேராக என்னிடம் வந்தார். "என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே பாய்ந்தாள். என் அம்மாவின் வங்காளம் முழுக்க முழுக்கக் காய்கறிச் சந்தையில் கற்றது. அதில் அவளுக்குப் பேரம் மட்டும்தான் பேச வரும். "பத்து எஞ்சின் எதுக்கு? ஒண்ணு போதாதா? பத்து வாய் வச்சா எண்ணெய் நிக்குமா? நியாயமாச் சொல்லுங்க!"

"டேங்க் மேல டேங்கா ஏத்தினது யாரு? அந்தக் கனத்தைத் தூக்கப் பத்து எஞ்சினே பத்தாது!"

"திரும்பி வாரதுக்கு வேண்டாமா?"

"அழகா இருக்க வேண்டாமா?"

பந்தலின் பின்பக்கம், பிரசாதக் கிச்சடி அண்டாக்களுக்கு நடுவே, இரண்டு அம்மாக்கள் எரிபொருளுக்கும் உந்துவிசைக்குமாக நின்று சண்டை போட்டார்கள். சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று அனிர்பன் நடுவில் புகுந்து, "டேங்கும் சரி, எஞ்சினும் சரி. குழாய்தான் இழுக்கலை," என்று உண்மையைப் போட்டு உடைத்தான். (கட்டிக்கொள்ளப் போகிறவன் பேசும் பேச்சா இது?)

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"குழாய் இழுக்கலையா?" இது காகிமா.

"அதைக் கூடவாட்டி மறப்ப?" இது அம்மா.

அதற்கப்புறம் அவர்களுக்குள் என்ன ஒற்றுமை! ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்து என்னைக் காய்ச்சி எடுத்தார்கள். அவசரக்குடுக்கை, சொன்னால் கேட்பதில்லை, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல வாயில்லையா, எல்லாம் இரண்டு மொழியில். இந்த அமர்க்களத்தில் வழிதவறி வந்த தலைமையாசிரியர், அம்மாவைக் காட்டி, "இவங்க யாரு?" என்று காகிமாவைக் கேட்டார்.

"இவங்களா? என் பெயான்," என்றார் காகிமா, திட்டிய வேகம் குறையாமல். "இவங்கதான் அந்த டேங்கையெல்லாம் ஏத்தினது."

எனக்கு விக்கல் நின்றுவிட்டது. பெயான் என்றால் சம்பந்தியம்மா. பிள்ளைக்குப் பெண் எடுத்த பிறகு, பெண்ணின் அம்மாவைச் சொல்லும் உறவுமுறை.

"மா," என்றான் அனிர்பன். "இப்போ என்ன சொன்ன?"

காகிமாவின் முகம் மெல்லச் சிவந்தது. "என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலை. பூஜை முடியட்டும்னேனே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

அம்மா விடுவாளா? சந்தைக்காரியிடம் கொசுறு வாங்காமல் நகராதவள். காகிமாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "சொன்னது சொன்னதுதான். பெரியவர் சாட்சி!" தலைமையாசிரியர், எதற்குச் சாட்சி என்று தெரியாமலே, பலமாகத் தலையாட்டினார். காகிமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் தோளில் சாய்ந்து அவர் சிரிக்க, அம்மா சிரிக்க, நான் சிவப்புக் கரைப் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

கல்யாணம் முடிந்தது. ஆபீஸ் பக்கம் என்று நாங்கள் நியூ டவுனில் பதினேழாவது மாடியில் குடியேறினோம். லேக் கார்டன்ஸ்காரர்களுக்கு நியூ டவுன் வேறு கிரகம். "மனுஷன் இருப்பானா அங்கே? டாக்ஸிக்காரன்கூட வரமாட்டேங்கிறான்," என்று அம்மாக்கள் இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

என் பழைய லேப்டாப் இப்போது அவர்களிடம். ஞாயிறு தவறாமல் காகிமா என் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவார். எஞ்சின் அவர் இலாகா, டேங்க் அம்மாவின் இலாகா, குழாய் இழுப்பது அப்பா. (அவருக்கும் ஒரு வேலை கிடைத்தது.) ஒரு ஞாயிறு மூவருமாகக் கட்டிய கலம் நிஜமாகவே நிலாவில் போய் இறங்கிவிட்டது. உள்ளே இரண்டு பொம்மைகள். பெயர் கோமதி, அனிர்பன். இறங்கிய சந்தோஷத்தில் பார்த்தால், எரிபொருள் சுத்தமாகத் தீர்ந்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து நாங்கள் அங்கேதான் இருக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து அத்தை போனில் எங்களை விசாரித்தால், "அவுகளா? நிலாவுல குடித்தனம் பண்ணுதாவ," என்கிறாள் அம்மா. காகிமாவின் தங்கைகள் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'நிலா மருமகள்'.

எங்களை மீட்க வாராவாரம் ஒரு கலம் கிளம்புகிறது. சிலது எழும்பாது, சிலது பாதியில் விழும், ஒன்று சூரியனைப் பார்க்கப் போய்விட்டது. சண்டை மூன்று வீடு தள்ளிக் கேட்குமாம். அது ஓய்ந்ததும் எனக்குப் போன் வரும். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.

"ஏட்டி, இன்னைக்கும் உங்களைக் கூட்டிட்டு வர முடியல. எண்ணெய் பத்தல. காகிமா வாழைப்பூவுல மோச்சா சமைச்சுக் கொண்டாந்திருக்காவ, சோறு ஆறுது. நீங்களே ஒரு பஸ்ஸைப் புடிச்சு வந்து சேருங்க."